சொட்டு எல்லோர் மூக்கிலும்தான் விழுந்தது

நடுவர் அவர்களே, வணக்கம். 'உடல்நோயை வரவழைப்பதில் பெரும்பங்கு மனதுக்கா, பழக்கவழக்கத்துக்கா?' என்ற தலைப்பில், மனதுக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், கவலையால் யார் செத்தார்கள், புகையாலும் கொழுப்பாலும்தானே சாகிறார்கள் என்றார். அப்புறம், வயிற்றுப்புண்ணை இத்தனை காலம் மன அழுத்தத்தின் தலையில் கட்டினீர்களே, கடைசியில் அது கிருமி என்று தெரிந்துபோனதே என்றும் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

சாதாரணச் சளியை எடுத்துக்கொள்வோம். ஷெல்டன் கோயன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு 1991-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 394 பேரின் மூக்கில், சளியை உண்டாக்கும் வைரஸ் கலந்த சொட்டு மருந்தை விட்டுத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். கிருமி யாரிடமிருந்து ஒட்டியது என்ற பேச்சுக்கே இடமில்லை, நேராக மூக்குக்குள் போய்விட்டது. மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது, மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு. அழுத்தத்தில் இருக்கிறவர் அதிகம் புகைத்திருப்பார், சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், அதனால் வந்திருக்கும் என்று எதிரணி சொல்லலாம். புகை, மது, உணவு, உடற்பயிற்சி, தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை, நடுவர் அவர்களே.

சரி, புகைக்கு வருகிறேன். சிகரெட் கெடுதல்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் விட வேண்டும் என்று நினைத்து விட்டவர் மறுபடி எப்போது பற்றவைக்கிறார் என்று பாருங்கள், பெரும்பாலும் மனசு நொந்த ஒரு நாளில்தான். அமெரிக்காவில் 1921-ல் தொடங்கி சுமார் 1,500 குழந்தைகளை அவர்களுடைய ஆயுள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் அதிக காலம் வாழ்ந்தவர்கள் எப்போதும் சிரித்த முகமாக இருந்த பிள்ளைகள் இல்லை, பொறுப்பும் நிதானமும் உள்ள பிள்ளைகள். பழக்கம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அது அந்தக் குணத்தில் முளைத்ததுதான்.

வயிற்றுப்புண் விஷயத்தில், அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு வாங்கியது நியாயமே. ஆனால் அந்தக் கிருமி வயிற்றில் இருந்தும் பெரும்பாலானோருக்குப் புண் வருவதில்லையே! விதை விழுந்த இடமெல்லாம் முளைக்கிறதா என்ன?

ஒன்றை மட்டும் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் பரபரப்பாக இருக்கிறவருக்கு மாரடைப்பு வரும் என்று ஃபிரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் சொன்னது பிந்தைய ஆய்வுகளில் அப்படியே நிற்கவில்லை, ஓயாத கோபமும் பகையும்தான் மிஞ்சின. புற்றுநோய்க்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடுவதற்கும் பெரிய ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால், நோயில் படுத்திருப்பவரிடம் போய் 'எல்லாம் மனசுக்குள்ளேயே வச்சிக்கிட்ட, அதான் வந்துடுச்சு' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் எங்கள் அணியைத் துணைக்கு அழைக்க வேண்டாம். அது கொடுமை.

கடைசியாக ஒரு காயம். 1995-ல் வந்த ஆய்வு இது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதும் வருமானமும் உள்ள வேறு 13 பெண்கள், எல்லோருக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் போட்டார்கள். அது ஆறுவதற்கு மற்றவர்களைவிட நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. தன்னையே மறந்துபோன ஒருவருக்கு ஊட்டி, குளிப்பாட்டி, 'நீ யார்?' என்று கேட்கும்போதெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, ராத்திரி அவர் கதவைத் திறந்து வெளியே போய்விடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தூக்கம் கெட்டதுதான் காரணம் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து சொல்லக்கூடும். சொல்லட்டும். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது எது என்பதையும் அவரே இந்த மன்றத்துக்குச் சொல்லிவிட்டு உட்காரட்டும்.