பாலும் சாணியும்: ஏற்றுமதிக்குள் இருக்கும் புகைக் கணக்கு

(திருப்பூரில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் இருந்த இடறல்களை மட்டும் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

வணக்கமுங்க.

ஏற்றுமதித் துணிக்காக எழுகிற கார்பன் புகை யார் கணக்கில் சேர வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் மாட்டில் இருந்து தொடங்குகிறேன். ஒரு தோட்டத்தில் பத்து மாடு என்று வையுங்கள். காலையும் மாலையும் கறக்கிற பால் அத்தனையும் கேனில் ஏறி டவுனுக்குப் போய்விடுகிறது. தோட்டத்துக்காரர் வீட்டில் காபிக்கு ஒரு சொம்பு மிஞ்சினால் பெரிது. சாணி மட்டும் கட்டுத்தரையிலேயே விழுகிறது. இப்போது ஓர் அதிகாரி நோட்டோடு வருகிறார். கட்டுத்தரையை எட்டிப் பார்த்து, ‘இந்த வீட்டில் ஆளுக்கு இத்தனை கூடை சாணி’ என்று எழுதிக்கொள்கிறார். அப்புறம் பால் குடித்த டவுன் வீட்டுக்குப் போய், ‘இங்கே சாணியே இல்லை, சுத்தமான குடும்பம்’ என்று எழுதுகிறார்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரிக்கிறார். ‘சாணி குப்பைக்குழிக்குப் போகும், காட்டுக்கு உரமாகும், அது வரவுதானே’ என்கிறார். சரிதானுங்க, என் உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது. புகையை யாரும் வண்டி கட்டி விலைக்கு எடுத்துப் போவதில்லை.

ஆனால் அதிகாரியின் நோட்டு நிஜம். 1992-இல் ஐக்கிய நாடுகள் காலநிலை உடன்படிக்கை வந்தது, 1997-இல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: எந்த நாட்டின் எல்லைக்குள் புகை எழுகிறதோ, அந்த நாட்டின் கணக்கு. அளப்பதற்கு இது எளிது, எல்லைக்குள் சட்டம் போடவும் எளிது. அதனால்தான் வைத்தார்கள், இதில் சதி ஒன்றும் இல்லை. ஒரு விநோதம் மட்டும் உண்டு. தூத்துக்குடியில் இருந்து நம் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலின் எண்ணெய் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. பன்னாட்டுப் போக்குவரத்து எரிபொருள் என்று தனியே ஒரு வரியில் நிற்கும்.

இந்த நோட்டைத் திருப்பிப் படித்தால் என்ன வரும் என்று சிலர் பார்த்தார்கள். பொருளைச் செய்தவன் பெயரில் எழுதாமல், உடுத்தியவன் பெயரில் எழுதுவது. இதற்கு நுகர்வுக் கணக்கு என்று பெயர். ஸ்டீவன் டேவிஸ், கென் கால்டெய்ரா என்ற ஆய்வாளர்கள் இருவர் 2010-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2004-ஆம் ஆண்டில் உலகம் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடில் 23 சதவீதம், அதாவது சுமார் 620 கோடி டன், ஒரு நாட்டில் எழுந்து இன்னொரு நாட்டின் நுகர்வுக்காகப் பொருளோடு பயணம் போயிருந்தது. அடுத்த வருஷம் கிளென் பீட்டர்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னொன்று காட்டினார்கள். வளரும் நாடுகளில் இருந்து பணக்கார நாடுகளுக்கு இப்படி வாணிபத்தின் வழியே போன நிகரப் புகை 1990-இல் 40 கோடி டன், 2008-இல் 160 கோடி டன். கியோட்டோவில் உட்கார்ந்து குறைப்போம் என்று கையெழுத்துப் போட்ட அதே காலத்தில் நான்கு மடங்கு.

இதில் பெரும்பங்கு சீனாவுடையது. இந்தியாவுக்கும் நுகர்வுக் கணக்கு உற்பத்திக் கணக்கைவிடக் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் கொஞ்சம்தான் குறைவு. நம் புகையில் பெரும்பகுதி நம் வீட்டு விளக்குக்கும், நம் சிமெண்ட்டுக்கும், நம் சாலைக்கும் எழுந்தது. ‘எல்லாப் புகையும் வெள்ளைக்காரனுக்காக’ என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும், கணக்கு உதைக்கும். ஆனால் திருப்பூர் இந்தியச் சராசரி இல்லை. இங்கே தைக்கிற துணியில் எவ்வளவு கப்பல் ஏறுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோம். அசல் மான்செஸ்டரில் மில் புகைபோக்கிகள் ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. 2024 செப்டம்பர் 30-இல் பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடியது. அது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சட்டை போடுவதை நிறுத்தவில்லையே. பிரிட்டன் அரசே லீட்ஸ் பல்கலைக்கழகத்தைக் கொண்டு நுகர்வுக் கணக்கையும் போட்டு வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் இறக்கம் எல்லைக் கணக்கில் தெரிவதைவிடக் குறைவு. பட்டம் இங்கே வந்தது, கூடவே கொஞ்சம் புகையும் வந்தது.

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்? பனியனைத் தராசில் வைத்தால் புகை எடை காட்டாது. மில்லுக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி வர ரயில் வேண்டும். ரயிலுக்கு இரும்பு, இரும்புக்கு மறுபடி கரண்ட். செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி வந்த இடத்துக்கே வந்து நிற்கும். இந்தச் சுற்றை அவிழ்த்தவர் வாசிலி லியோன்டியெஃப் என்ற பொருளாதார அறிஞர். ஒவ்வொரு தொழிலும் மற்ற ஒவ்வொரு தொழிலிடமும் எவ்வளவு வாங்கியது என்று ஒரு பெரிய கட்டம் போட்டார். அந்தக் கட்டத்தைக் கணிதத்தில் தலைகீழாக்கினால், முடிவில்லாத சுற்று முழுவதும் ஒரே எண்ணில் வந்து உட்காரும். 1970-இல் அதே கட்டத்தில் மாசுக்கும் ஒரு வரி சேர்க்கலாம் என்று எழுதினார். 1973-இல் நோபல் வாங்கினார். இன்றைக்கு நாடுகளின் கட்டங்களை ஒன்றோடு ஒன்று தைத்து உலகக் கட்டம் செய்கிறார்கள். அப்படி ஒன்றில் 43 நாடுகள், ஒவ்வொன்றுக்கும் 56 தொழில்கள்.

தைத்தால் என்ன லாபம்? நம் மில் நூல் வங்காளதேசம் போகிறது. அங்கே தைத்த சட்டை ஜெர்மனி போகிறது. இரு நாட்டு வாணிபத்தை மட்டும் பார்த்தால் நூலின் புகை வங்காளதேசத்தின் தலையில். உலகக் கட்டத்தில் பார்த்தால் ஜெர்மனியின் தலையில். ஒரே நூல்தானுங்க, கணக்குப்பிள்ளை மாறினால் கடன்காரன் மாறுகிறான்.

குறையும் பெரிது. அந்தக் கட்டத்தில் துணி, ஆடை, தோல் எல்லாம் ஒரே வரி. கரூர்த் திரைச்சீலை, சென்னிமலைப் போர்வை, திருப்பூர்ப் பனியன், ஆம்பூர்த் தோல் எல்லாம் ஒரே குண்டானில் வேகிறது. போதாததற்குக் கட்டம் பணத்தில் இருக்கிறது. பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், ஒரு பீஸுக்கு ரேட்டைக் குறைத்தால், அதே பீஸின் புகையும் குறைந்ததாகக் கட்டம் நம்பும்.

இனி என் சொந்தக் கதை. நான் இருபது வருஷம் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கிறவனாக இருந்தவன். முதன்முதலில் ஒரு பையர் கார்பன் படிவம் அனுப்பினார், ஒரு பீஸுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டு. நான் அந்த மாத இ.பி. பில்லை எடுத்து, அந்த மாதம் அனுப்பிய பீஸ்களால் வகுத்தேன். பத்து நிமிஷ வேலை. பச்சைக்குழந்தைக்குப் போடும் ஜபலாவுக்கும் தொப்பி வைத்த குளிர்காலச் சட்டைக்கும் ஒரே எண். அதைவிடப் பெரிய கூத்து, எங்கள் கட்டடத்துக்குள் நடந்தது கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் மட்டும். நூல், நிட்டிங், சாயம், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங் எல்லாம் வெளியே. கரண்டும் விறகும் அதிகம் குடிக்கிற இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். எண் ரொம்பச் சின்னதாக, அழகாக வந்தது. பையர் பாராட்டி மெயில் போட்டார்.

சரியாகப் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு கிலோ நூல் நூற்க 4 யூனிட் என்று கணக்குக்கு வையுங்கள். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆகக் கிலோவுக்கு 2.8. கிலோவுக்கு ஐந்து டி-ஷர்ட் என்றால், நூற்பில் மட்டும் ஒவ்வொரு சட்டைக்கும் அரைக் கிலோவுக்கு மேல். இன்னும் சாயப்பட்டறை வாசலையே தாண்டவில்லை. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்துதான் கோவையில் மில்கள் பெருகின. அன்றைக்கு அதே நூலுக்குப் புகை நோட்டில் இந்த இடம் ஏறக்குறைய காலியாக இருந்திருக்கும். நூல் நூற்கிற கதிர் அதே கதிர்தான், கம்பிக்குப் பின்னால் என்ன எரிகிறது என்பதுதான் வித்தியாசம்.

சாயப்பட்டறைக்குப் போவோம். ஓர் ஐப்பசி மாதம் ஒரு பாய்லர் அறையில் முழுநாள் நின்றேன். விறகு லாரி வந்தது, எடைமேடைச் சீட்டு வந்தது. சீட்டில் உள்ள டன்னை எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாய்லர்காரர் ஒரு கட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பட்டை நனைந்து சொதசொதவென்று இருந்தது. ‘மழைக்கட்டைங்க, எடை நிக்கும், சூடு நிக்காது’ என்றார். கதவைத் திறந்து உள்ளே போட்டதும் கட்டையின் முனையில் தண்ணீர் நுரைத்துக் கொதித்தது. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே பாதிச் சூடு போய்விடும் போலிருந்தது. மாசியில் ஒரு டன் விறகும் ஐப்பசியில் ஒரு டன் விறகும் சீட்டில் ஒன்று, துணியில் வேறு. இந்த வித்தியாசம் எந்த உலகக் கட்டத்திலும் கிடையாது.

அந்த அறைக்குப் பக்கத்திலேயே நொய்யல் கதையும் நிற்கிறது. வெளிநாட்டுச் சட்டையின் சாயம் நம் ஆற்றில் ஓடிய காலத்தை யாரும் மறக்கவில்லை. 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவுத் தொட்டியாக நின்றது. சட்டை போட்டவர் கணக்கில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் ஏறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. சவ்வு வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளி மீட்கிறோம், மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறோம். அழுத்துவதற்குக் கரண்ட், கொதிக்க நீராவி. ஆற்றில் இருந்து எடுத்த அழுக்கில் ஒரு பங்கை வானத்தில் ஏற்றியிருக்கிறோம். அதற்காக இதை விட வேண்டும் என்று சொல்லவில்லை, காவிரி வரைக்கும் குடிக்கிற தண்ணீர் அது. ஆனால் தண்ணீரைக் காப்பாற்றிய செலவு கார்பன் நோட்டில் குற்றமாக ஏறுகிறது. இந்த வேலையைச் செய்யாத ஊரின் துணி அதே நோட்டில் சுத்தமாகத் தெரியும். இது எனக்கு உறுத்துகிறது.

காற்றாலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் வீசும்போது நம் கம்பெனிகளின் காற்றாலைகள் சுற்றுகின்றன. ‘என் யூனிட்டுக்குப் புகை பூஜ்யம்’ என்று கம்பெனி எழுதுகிறது. நாட்டுச் சராசரியான 0.7 என்ற எண்ணிலும் அதே காற்று ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஒரே மொய்ப்பணத்தை இரண்டு நோட்டில் எழுதுகிற மாதிரி.

ஐரோப்பா இப்போது இந்தக் கணக்கைச் சுங்க வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது. இறக்குமதியாகும் பொருளைச் செய்யும்போது எழுந்த புகைக்குப் பணம் கேட்பது இது, கார்பன் எல்லை வரி என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். 2023 அக்டோபரில் அறிக்கை கொடுப்பதோடு தொடங்கி, 2026 ஜனவரியில் இருந்து இறங்கும் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். பனியன் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கோவைப் பக்கம் போல்ட், நட்டு செய்கிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சொந்த அளவீடு இல்லாதவர் தலையில் உயர்த்தி வைத்த பொது எண் விழும். வசூலாகும் பணமும் அங்கேயே தங்கும். பாலும் அங்கே, சாணிக்கான அபராதமும் அங்கே, கட்டுத்தரைக் கணக்கு மட்டும் இங்கே. இங்கேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இந்தியாவும் 2023-இல் கார்பன் கிரெடிட் வாணிபத் திட்டத்தை அறிவித்திருக்கிறது.

யார் தலையில் எழுதுவது என்று டெல்லியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸும் பேசட்டும், நம் ஆட்கள் அங்கே கறாராகப் பேசவும் வேண்டும். ஆனால் பேசப் போகிறவர் கையில் நம் பாய்லரின் எண் இருக்க வேண்டும். சராசரியை எடுத்துக்கொண்டு போனால் சராசரிக்காரனாகத்தான் நடத்துவார்கள். மீட்டரைத் தனித்தனியாகப் போடுங்கள், ஜாப் ஒர்க் கொடுக்கும்போதே யூனிட்டையும் கேட்டு வாங்குங்கள்.

பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: ‘விறகுக்குப் புகை பூஜ்யம்னு போடறீங்களாமே, கண்ணெதிரே புகையுதே?’

பன்னாட்டு விதி அப்படித்தான் இருக்கிறது என்றேன். மரம் திரும்ப வளரும்போது அந்தப் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெட்டியதன் இழப்பை நாட்டின் காடு, நிலத்துக்கான தனிக் கணக்கில் எழுத வேண்டும், அதனால் எரிபொருள் கணக்கில் பூஜ்யம். சீமைக்கருவேலம் என்றால் வெட்ட வெட்டத் தழைக்கும், அதற்கு இந்தப் பூஜ்யம் ஓரளவு பொருந்தும். சாலை அகலப்படுத்த வெட்டிய அறுபது வருஷப் புளியமரம் என்றால் பொருந்தாது. எடைமேடைச் சீட்டில் ‘விறகு’ என்று மட்டும்தான் இருக்கும். ஆகவே இப்போது நான் போகிற பட்டறைகளில் சீட்டின் பின்பக்கம் மரத்தின் பெயரையும் எழுதி வாங்கச் சொல்கிறேன். பாதிச் சீட்டில் ‘கலப்பு’ என்று வருகிறது.