அடி காட்டில், நடு மாட்டில்
(பூநகரிப் பக்கத்துக் கமக்காரர் கூட்டமொன்றில் பேசியது)

தலைமை வகிக்கும் கமக்கார அமைப்புத் தலைவர் அவர்களே, போயா லீவென்றும் பாராமல் வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர் அம்மா, விதானையார் ஐயா, மண்டபம் தந்த கோயில் பரிபாலன சபையாரே, ஒலிபெருக்கித் தம்பி, பின்னுக்கு நிற்கிற இளந்தாரிகளே, வணக்கம். போனமுறை ஒருவரின் பெயரை விட்டுவிட்டேன். அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: பற்றீரியா, வைக்கோல், உவர்நீர்த் தடுப்பணை.

சவர், அதாவது உப்பு, ஏறின வயலில் தண்ணீர் நின்றாலும் வேரால் உறிஞ்ச முடியாது. அந்தத் தவிப்பில் பயிர் எதிலீன் என்ற வாயுவைக் கூடுதலாக உண்டாக்கும். பழத்தைப் பழுக்கவைக்கிற அதே எதிலீன்தான். அது கூடினால் வேர் ஓடாது. சில மண் பற்றீரியாக்களிடம் ஒரு நொதியம் இருக்கிறது. எதிலீனாக மாறப்போகிற பொருளையே உடைத்துத் தமக்குச் சாப்பாடாக்கிவிடும். வேறு சில, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து உப்பிலுள்ள சோடியத்தைப் பிடித்து வைக்கும். சூடோமோனாஸ், பசிலஸ், அசோஸ்பிரில்லம் என்று பெயர்கள். உப்பை இல்லாமலாக்க அவற்றால் முடியாது. பயிருக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான்.

‘அடி காட்டில், நடு மாட்டில், நுனி வீட்டில்’ என்பார் என் அப்பு. வன்னியில் காடு என்றால் யானைதான் நினைவுக்கு வரும். இங்கே வயல் என்று எடுங்கள். நெல்லின் அடித்தாள் வயலுக்கு, நடு வைக்கோல் மாட்டுக்கு, நுனிக் கதிர் வீட்டுக்கு.

என் கதையைக் கேளுங்கள். ஒரு காலபோகத்துக்கு, மாரி நெல் விதைப்புக்கு, இந்தப் பற்றீரியாப் பக்கற் ஒன்று வாங்கினேன். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு வந்தவன், பரந்தன் சந்தியில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். சம்பந்தி வந்தார். தேத்தண்ணி இரண்டாச்சு, வடை நாலாச்சு, அரசியல் முடியவில்லை. பக்கற் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, கெட்டித்தனமாக, பங்கசுநாசினியையும் அதே வாளியில் கலந்து வித்துநெல்லில் பிரட்டினேன். முளைத்ததும் பார்த்தால், பக்கத்து வயலுக்கும் என் வயலுக்கும் ஒரு வித்தியாசமுமில்லை. ‘பற்றீரியா என்ன செய்யுது?’ என்று மனைவி கேட்டா. செத்த பற்றீரியாவுக்கு அந்தியேட்டி செய்த கமக்காரன் நான் ஒருவன்தான்.

அது உயிர், உரமல்ல. நிழல் வேண்டும், சாப்பாடு வேண்டும். சாப்பாடு எங்கே? வெட்டு மெசின் போன கையோடு நாம் நெருப்பு வைக்கிற வைக்கோலில்! எரித்தால் அதிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். பிறகு கடைக்குப் போய் யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறோம். அடி காட்டில், நடு மாட்டில் என்றார்களே தவிர, நெருப்பில் என்று யாரும் சொல்லவில்லை.

தடுப்பணை பற்றி... தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சரி, அது அடுத்த கூட்டத்தில். இந்தப் போகம் வைக்கோல் எரிக்கமாட்டேன் என்பவர்கள் போதனாசிரியர் அம்மாவின் கொப்பியில் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது, சம்பந்தி, நீங்கள்தான், ஒளியாதேயுங்கோ, தெரிகிறது.