துடைப்பதற்கு முன் ஒரு சோதனை

நேயர்களுக்கு வணக்கம்.

கொதிகலனோ காற்றழுத்தத் தொட்டியோ, எதுவானாலும் அதன் தலையில் ஒரு சேஃப்டி வால்வு உட்கார்ந்திருக்கும். உள்ளே ஸ்பிரிங் ஒன்று டிஸ்க் என்ற மூடித்தட்டைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். கலனின் அழுத்தம் அதே டிஸ்க்கைக் கீழிருந்து மேலே தள்ளும். அழுத்தம் எல்லை தாண்டினால் வால்வு படாரென்று திறக்கும், இறங்கியதும் தானே மூடிக்கொள்ளும். மின்சாரமும் வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் டெனி பாப்பன் தன் நீராவிக் கலனுக்கு நெம்புகோலில் எடை தொங்கவிட்டதும் இதே தத்துவம்தான்.

இந்த வால்வில் ஒரு சங்கடம் உண்டு. பம்ப் கெட்டால் சத்தம் போடும். மோட்டார் கெட்டால் சூடாகும். சேஃப்டி வால்வு இறுகிப்போனால் வெளியே எதுவும் தெரியாது. நல்ல வால்வும் சும்மா இருக்கும், கெட்டதும் சும்மா இருக்கும். பெரும்பாலும், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுனில் கழற்றி இறக்கும் நாளில்தான் அதனிடம் நன்றாக விசாரிக்க முடியும்.

அந்த நாளில் நாங்களே ஒரு தவறு செய்திருக்கிறோம். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் கழற்றிய வால்வுகளை முதலில் நன்றாகக் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுவோம். 10 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) திறக்கும்படி அமைத்த ஒரு வால்வு ஒவ்வொரு முறையும் சரியாக 10-ல் திறந்தது. பதிவேட்டில் 'நன்று' என்று எழுதினோம். ஒரு வருஷம் அவசரத்தில் அதைக் கழுவாமல் ஏற்றிவிட்டார்கள். 11 தாண்டியது, 12 தாண்டியது, திறக்கவில்லை. 13-ஐ நெருங்கும்போதுதான் திறந்தது. உடனே மறுபடி அழுத்தம் ஏற்றினோம், 10-லேயே திறந்துவிட்டது. டிஸ்க்கும், அது உட்காரும் நாசில் என்ற வாய்க்குழாயும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு படிவு, பசை மாதிரி. முதல் திறப்பில் அது விட்டுப்போனது. அப்படியென்றால் அதற்கு முந்தைய வருஷங்களில் நாங்கள் எழுதிய 'நன்று' எல்லாம் கழுவிய வால்வுக்கு எழுதியது. கலனின் மேல் இருந்த வால்வு எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன்: வந்த கோலத்திலேயே பெஞ்சில் ஏற்றுங்கள். அபாயமான ரசாயனம் ஒட்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு; அங்கே ஆள் பாதுகாப்புதான் முதலில். முதல் திறப்பு எத்தனை பாரில் என்பதை அப்படியே எழுதுங்கள். முதலில் அதிக அழுத்தத்தில் திறந்து, இரண்டாம் முறை சரியாகத் திறந்தால் காரணம் படிவு. இரண்டாம் முறையும் தவறினால் ஸ்பிரிங்கையோ, திறக்கும் அழுத்தத்தை அமைத்த விதத்தையோ சந்தேகப்படுங்கள். அமைத்த அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றியும் திறக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள். அது இறுகிய வால்வு. அதன் அடுத்த சோதனைக்கான இடைவெளியைக் குறைத்தே ஆக வேண்டும்.

பழுதுபார்ப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். லேப்பிங், அதாவது சேரும் பரப்புகளைத் தேய்த்துச் சமமாக்கும் வேலை, செய்யும்போது டிஸ்க்கையும் நாசிலையும் ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாக, சமதளமான லேப்பிங் கட்டையில்தான் தேய்க்க வேண்டும்.

கடைசியில் கசிவுச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. திறக்கும் அழுத்தத்தில் 90 சதவீதம் ஏற்றி, வெளிவாயை அடைத்து, அதிலிருந்து ஒரு சிறு குழாயைத் தண்ணீருக்குள் சுமார் அரை அங்குலம் அமிழ்த்துவோம். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தபடி குமிழிகளை எண்ண வேண்டும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வெளியிட்ட 527 தரவிதிப்படி, சாதாரண அழுத்தங்களில், சீட் (டிஸ்க் வந்து உட்காரும் பரப்பு) உலோகமாக உள்ள சிறிய வால்வுக்கு நிமிடத்துக்கு 40 குமிழி வரை போகலாம், பெரிதுக்கு 20. ரப்பர் போன்ற மென்மையான சீட் என்றால் ஒன்றுகூட வரக்கூடாது.

சோதனை முடிந்த வால்வை நிமிர்த்தியபடியே தூக்கிப் போங்கள். படுக்கப்போட்டு வண்டியில் உருட்டினால் சரிசெய்த சீட் கெட்டுவிடும். மாட்டும் முன் வாயில் செருகிய பிளாஸ்டிக் மூடியை எடுத்தாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சேஃப்டி வால்வுக்குக் கீழே, கலனிலிருந்து வரும் வழியை மூடும் அடைப்பு வால்வு இருந்தால், அது முழுக்கத் திறந்து, பூட்டி, சீல் வைக்கப்பட்டிருக்க வேண்டும். சாவி யாரிடம் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

வணக்கம்.