பாளை விடும்போது

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

எனக்குத் திசையன்விளைப் பக்கம். தேரி என்னும் செம்மணல் மேடும் பனையும்தான் எங்கள் சீமை. இடையன்குடிக் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மிஷனரியாக வந்த கால்டுவெல் ஐயர் 1847இல் அதைக் கட்டத் தொடங்கினார். பிரதிஷ்டை நடந்தது 1880இல். 33 வருஷம்! கல் சுமந்தவர்களிலும் சுண்ணாம்பு அரைத்தவர்களிலும் எத்தனை பேர் அதற்குள் ஓர் ஆராதனைகூடப் பார்க்காமல் கண்ணை மூடியிருப்பார்கள்! அங்கே முழங்காலிடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

என் தாத்தா பனையேறி. அவர் இறக்கிய அக்கானியை, அதாவது பதநீரை, விடிலி என்னும் ஓலைக் குடிசையில் பாட்டி காய்ச்சுவாள். அந்தக் கருப்பட்டிக் காசில் அப்பா படித்து வாத்தியார் ஆனார். அவர் சம்பளத்தில் நான் படித்தேன். தாத்தா ஏறிய பனைகள் அவர் வைத்தவை அல்ல. அவருக்கு முந்தினவர்கள் வைத்தவை.

அவற்றை நாங்கள் என்ன செய்தோம்? அண்ணனும் நானுமாகப் பதினெட்டுப் பனையைச் செங்கல் சூளைக்கு விற்றோம். ஒரு மரம் விழுந்து கிடந்தபோது கையால் தடவிப் பார்த்தேன். தாத்தாவின் நெஞ்சும் காலும் உரசி உரசி, கருங்கல் தூண் மாதிரி வழவழவென்று இருந்தது. பணம் அடுத்த வருஷத்துக்குக்கூடத் தங்கவில்லை. பட்டணத்தை முற்றுகை போடும்போதுகூடக் கனிமரத்தை வெட்டாதே என்கிறது வேதத்தில் உபாகமம் 20ஆம் அதிகாரம். நாங்கள் எந்தப் போரும் இல்லாமலே வெட்டினோம். இது இன்றும் என் மனதை அறுக்கிறது.

சபையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஆண்டவர் வருகை சமீபம். இப்போது போய்ப் பனை வைக்கிறீரே, எதற்கு?" நானும் இயேசு திரும்பி வரும் அந்த வருகைக்குக் காத்திருக்கிறவன்தான். ஆனால் எரேமியாவைப் பாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. தீர்க்கதரிசி காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழப்போகிறது என்று சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சி வைத்துப் பத்திரம் எழுதி, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அந்த நிலத்தில் அவர் உழப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். இனி வரப்போகிறவர்களையும் கர்த்தர் அங்கே குடியிருக்கப் பண்ணுவார் என்று நம்பினதால் வாங்கினார். என்னைக் கேட்டால், விசுவாசம் என்ற சொல்லுக்கு வேதத்தில் இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

பனையும் அப்படிப்பட்டதுதான். மழைக்கு முன்னால் கொட்டையைப் புதைக்க வேண்டும். முளை முதலில் மேலே வராது. கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும். மாதக்கணக்கில் அந்த இடம் வெறும் மணலாகவே கிடக்கும். அப்புறம்தான் ஒற்றைப் பீலி எட்டிப் பார்க்கும். வடலி என்னும் இளம்பனையாகி, பாளை என்னும் பூங்குலை விடப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். எனக்கு இப்போது அறுபத்தெட்டு.

போன புரட்டாசியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு, அதே விளையில், வெட்டின தூர்களுக்கு நடுவே குழி தோண்டினேன். கொட்டையை அவள்தான் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஏழு வயது. கடைசிக் குழியை மூடும்போது, "தாத்தா, இது ஆண்பனையா பெண்பனையா?" என்று கேட்டாள்.

"பாளை விட்டால்தான் தெரியும் மக்கா. அப்போது நீ வந்து பார்" என்றேன்.

மண் ஒட்டின கையோடு அங்கேயே உட்கார்ந்து, குழி எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள்.