ஆகஸ்டில் ஸ்வெட்டர் கேட்கும் ஆப்பிரிக்கக் கடற்கரை! காற்றுக்கு என்ன காரணம்?

[காட்சி: நுரை தள்ளும் அலை, மணல் பறக்கும் கரை, பின்னால் கோட்டைச் சுவர்]

ஆகஸ்ட் மாதம். மொரோக்கோவின் மராகேஷில் வெயில் பல நாள் 40 டிகிரியைத் தொடும். அங்கிருந்து மேற்கே பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம் போனால் எஸ்ஸாவிரா. இறங்கிய உடனே பையில் ஸ்வெட்டரைத் தேடுவீர்கள்!

ஊரின் கதையை வேகமாகப் பார்த்துவிடலாம். பழைய பெயர் மொகடோர். 1760-களில் சுல்தான் மூன்றாம் முகம்மது திட்டமிட்டுக் கட்டிய துறைமுக நகரம். 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சரி, காற்றுக்கு வருவோம்.

கோடையில் சஹாரா கொதிக்கும்போது அங்கே காற்று மேலே எழும்பி, அழுத்தம் குறைகிறது. அட்லாண்டிக் பக்கம் அழுத்தம் அதிகம். இந்த வித்தியாசத்தால் பள்ளிப் பாடத்தில் படித்த அந்த வியாபாரக் காற்று, வடக்கிலிருந்து கரையோரமாக இன்னும் வேகமெடுத்து ஓடுகிறது. ஓடும்போது மேல்மட்டக் கடல்நீரைக் கரையை விட்டு நடுக்கடல் பக்கம் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். அதன்மேல் பட்டு வரும் காற்றுதான் உங்கள் முகத்தில் அறைகிறது. அடிநீரோடு சத்தும் மேலே வருவதால் இந்தக் கடலில் சாளை மீன் கொட்டிக் கிடக்கிறது. துறைமுகத்தில் கரியில் சுட்டுத் தருவார்கள், விடாதீர்கள்.

[காட்சி: கரைக்கு எதிரே மொகடோர் தீவு]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கரைக்கு எதிரே தெரியும் இந்தத் தீவில் எலியனோரா வல்லூறு கூட்டமாகக் கூடு கட்டுகிறது. பெரும்பாலான பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும். இது மட்டும் ஆகஸ்ட் கடைசி வரை காத்திருக்கும். ஏன் தெரியுமா? ஐரோப்பாவிலிருந்து சிறு பறவைகள் லட்சக்கணக்கில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் நேரம் அது. அப்போது ஆண் வல்லூறுகள் கடலுக்கு மேலே, காற்றை எதிர்த்து, கிட்டத்தட்ட அசையாமல் வரிசையாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத வலையைக் கடல்மேல் கட்டியது போல! களைத்து வரும் சிறு பறவைக்கு ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது.

இன்னொன்று. பிடித்த பறவையின் இறகைப் பிடுங்கி, உயிரோடு பாறை இடுக்கில் அடைத்துவைத்து, பிறகு சாப்பிடுவதாக இந்தத் தீவிலேயே மொரோக்கோ ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மற்ற ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. நீங்கள் எந்தப் பக்கம்? கமெண்டில் சண்டை போடலாம், வாருங்கள்.

அப்புறம் இந்த வல்லூறுகள் அக்டோபர் வாக்கில் கிளம்பி மடகாஸ்கர் வரை போகின்றன. ஒவ்வோர் ஆண்டும்!

தீவு பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதியில்லாமல் இறங்க முடியாது. ஆனால் கடற்கரையில் தெற்கே நடந்தால் க்சோப் ஆறு கடலில் சேரும் இடம் வரும். மாலையில் வல்லூறுகள் அங்கே வருவதுண்டு. தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மணல் காலில் சுள்ளென்று அடிக்கும், முழுக்கால் பேன்ட் நல்லது.

துண்டை விரித்துப் படுக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். காற்றில் பாய்மரப் பலகை ஓட்ட வேண்டுமா? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாருங்கள். வல்லூறு பார்க்க வேண்டுமா? என் ஓட்டு செப்டம்பருக்கு.

உங்கள் ஊர்ப் பக்கம் காற்று ஆளைத் தள்ளும் கடற்கரை எது, எந்த மாதம் போகலாம் என்று எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்கு அங்கேதான் கிளம்பப் போகிறோம்.