ஊருக்கொரு பள்ளி தந்தவர்: புனித சாவரா விழாப் பேருரை

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இப்பங்கின் அருட்தந்தை அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய புலவர் ஐயா நேரத்தைச் சற்றுத் தாராளமாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய தமிழுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவராவைத் திருச்சபைத் தலைவராக, கல்வியாளராக, கவிஞராக மூன்று நிலைகளில் காட்ட எண்ணி வந்திருக்கிறேன்.

1805ஆம் ஆண்டு கேரளத்தின் குட்டநாட்டுக் கைனகரியில் பிறந்த அவர், 1829இல் குருப்பட்டம் பெற்று, இரண்டே ஆண்டுகளில் பாலக்கல் தோமா, போருக்கர தோமா ஆகிய மூத்த குருக்களோடு சேர்ந்து கோட்டயத்தை அடுத்த மான்னானம் குன்றில் துறவு மடத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1861இல் ரோமையிலுள்ள திருத்தந்தையின் ஒப்புதல் இல்லாமல் ரோக்கோஸ் என்ற ஆயர் வந்திறங்கி, பங்கு ஆலயங்கள் பலவும் அவர் பக்கம் சாய்ந்தபோது, சீரிய வழிபாட்டு மரபைப் பின்பற்றும் கேரளத்துச் சீரியக் கத்தோலிக்கரின் விகார் ஜெனரலாக, அதாவது ஆயரின் முதன்மைப் பிரதிநிதியாக, நியமிக்கப்பட்டு அவர்களை மீண்டும் ஒன்று சேர்த்தவர் சாவரா. அது தனிக்கூட்டம் போட்டுப் பேச வேண்டிய வரலாறு.

நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்காத கதை அவருடைய அச்சுக்கூடத்தின் கதை. அன்று கோட்டயத்தில் ஆங்கிலேய மிஷனரிகளின் அச்சகம் ஒன்று இருந்தது. அதன் இயக்கத்தைக் காண விரும்பிய சாவராவுக்கு அங்கே கதவு திறக்கவில்லை. மனிதர் முறையிட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேரே திருவனந்தபுரம் போனார். அங்கிருந்த அச்சகத்தில் எந்தக் கட்டை எதன்மேல் அமர்கிறது, எந்தத் திருகு எதை அழுத்துகிறது என்று கண்ணாலேயே அளந்துகொண்டு மான்னானம் திரும்பினார். திரும்பியவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? வாழைத்தண்டு! நாமெல்லாம் பொரியலுக்கு நறுக்குகிற அதே வாழைத்தண்டில் அச்சு எந்திரத்தின் மாதிரியைச் செதுக்கித் தச்சர் முன் வைத்தார். தச்சர் அதைப் பார்த்து மரத்தில் எந்திரம் செய்து முடித்தார். 1846இல் எழுந்த அந்த அச்சுக்கூடத்தில் முதலில் அச்சேறிய ‘ஞானபியூஷம்’ என்ற செப நூல், நம் தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போனது என்பதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருகிறது, மன்னியுங்கள்.

அதே 1846இல் மான்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கினார். சாதியின் பெயரால் எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க அழைத்தார். ஒவ்வொரு ஆலயத்தையும் ஒட்டி ஒரு பள்ளி இருந்தாக வேண்டும் என்று பங்குகளைப் பணித்தார். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதால் பிள்ளைகளுக்கு மதிய உணவுக்கும் வழி செய்தார். அதற்கு அரிசி எங்கிருந்து வந்தது? அரண்மனைக் களஞ்சியத்திலிருந்தா? ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னார். சிறு துளி பெரு வெள்ளம். கூழுக்கு வழியில்லாத வீடுகள் நிறைந்த காலத்தில், தன் பானையிலிருந்து ஒரு பிடியைப் பிறர் பிள்ளைக்கு ஒதுக்கிய அந்தத் தாய்மார்களையும் இந்த மேடையில் வணங்குகிறேன்.

பேரூராட்சித் தலைவர் அவர்கள் இங்கிருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். நம் ஊர்ப்புற நூலகம் இன்னும் வாடகைக் கட்டடத்தில்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது; மழைக்காலத்தில் வார இதழ்களை விரிக்கவும் இடமில்லை. நிதி வரட்டும் என்று காத்திருந்தது போதும். வீட்டுக்கு நூறு ரூபாயும் ஒரு புத்தகமும் கொடுப்போம். சிறு துளி பெரு வெள்ளம் என்று எத்தனை முறைதான் சொல்வது? புறம்போக்கு நிலத்தில் ஐந்து சென்ட் ஒதுக்கத் தீர்மானம் போடுங்கள். மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

1866இல் எர்ணாகுளத்தை அடுத்த கூனம்மாவில் இத்தாலியக் குரு லியோபோல்டோ பெக்காரோவுடன் இணைந்து சாவரா நிறுவிய பெண்கள் துறவு மடத்தையும், ‘ஆத்மானுதாபம்’ என்ற காவியம் பாடிய கவிஞராக அவரையும் விரித்துரைக்க ஆசை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 1871 சனவரி 3 அன்று கூனம்மாவிலேயே அவர் மறைந்தார். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நூலகத்துக்கான கோரிக்கை மனு வாசலில் மேசைமீது இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் அருந்தலாம். முதல் கையெழுத்துக்கு அருட்தந்தை அவர்களை அன்போடு அழைக்கிறேன்.