நடுவர் நாற்காலி

(அரசியலமைப்பு நாளையொட்டி காரைக்குடியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, தேக்குத் தூணுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கும் சட்டம் படிக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டம் நடத்துகிறவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அரசியலமைப்பும் நாமும்'. அந்தத் தலைப்பில் வருடா வருடம் யாராவது பேசிவிடுகிறார்கள். நான் கொஞ்சம் தூரம் போகலாம் என்று நினைக்கிறேன். நம் பாட்டன்மார் கொண்டுவிக்கப் போன ஊர்கள் எல்லாம் நமக்கு மனப்பாடம்: பர்மா, மலேயா, இலங்கை, சைகோன். துனீசியா அதில் வராது. ஆப்பிரிக்காவின் வடக்கு ஓரம், மத்தியதரைக் கடலைப் பார்த்த சின்ன நாடு. அங்கே அரசியலமைப்புச் சட்டம் நடத்திக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். அவரைப் பற்றித்தான் இன்றைக்கு.

சட்ட வாத்தியார் அரசியலுக்கு வருவது புதிதில்லை. அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்தவர், பிறகு அங்கேயே முதல்வராக இருந்தவர். ஒபாமா சிகாகோவில் 1992 முதல் 2004 வரை அரசியலமைப்புச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். இவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். என் ஆள் வேறு.

பெயர் கைஸ் சயீத். 1958இல் பிறந்தவர். முதலில் சூஸ் நகரத்திலும் அப்புறம் 1999 முதல் 2018 வரை தலைநகர் துனிஸிலும் பல்கலைக்கழக ஆசிரியர். டாக்டர் பட்டம் கிடையாது, கட்சி கிடையாது. 2011இல் மக்கள் தெருவுக்கு வந்து பழைய சர்வாதிகாரியை விரட்டினார்கள் இல்லையா, அதற்குப் பிறகு புதிய சாசனம் எப்படி இருக்க வேண்டும் என்று தொலைக்காட்சியில் விளக்கம் சொல்ல வந்தவர். வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுகிற அரபியை விட்டுவிட்டு, இலக்கண அரபியில், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பேசுவார். நம் ஊரில் தேநீர் கேட்கும்போதுகூடச் சந்தி பிசகாமல் கேட்கும் தமிழய்யாக்கள் உண்டே, அந்த ரகம். அங்குள்ளவர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் 'ரோபோகாப்', ஆங்கில சினிமாவில் வரும் எந்திரப் போலீஸ்காரர்.

2019இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். பெரிய மேடை இல்லை, அரசாங்கம் வேட்பாளர்களுக்குத் தரும் பிரசாரப் பணத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். முதல் சுற்றில் கிடைத்தது 18.4 சதவீதம். ஆனால் அதுதான் எல்லோரையும்விட அதிகம். அக்டோபர் 13 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் 72.7 சதவீதம். இளைஞர்கள் அள்ளிப் போட்டார்கள். கைசுத்தமான ஆள், சட்டம் தெரிந்த ஆள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கே அந்த நாட்டுச் சாசனத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம். அவர்கள் சபை அதை நிறைவேற்றிய தேதி ஜனவரி 26. நம் தேதிதான், வருடம் 2014. 216 பேர் வாக்களித்ததில் 200 பேர் ஆதரவு. அதில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்று எழுதினார்கள். 12 நீதிபதிகள்: நாலு பேரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும், நாலு பேரை நீதித்துறைக் கவுன்சில், நாலு பேரை ஜனாதிபதி. தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்குள் இதை அமைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

பங்குனியில் கம்பன் விழாவுக்குப் போய் வளர்ந்த ஊர் இது. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று வழக்காடு மன்றம் நடக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நடுவர். மணி அடிக்கிற உரிமை அவருக்குத்தான். சரி, நடுவர் வரவில்லை என்று வையுங்கள். நாற்காலி மட்டும் கிடக்கிறது. என்ன செய்வோம்? விழாக் குழு யாரையாவது பிடித்து உட்கார வைக்கும். துனீசியாவில் உட்கார வைக்க முடியவில்லை. நாடாளுமன்றம் ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்க 217 பேரில் 145 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். உன் ஆள் வந்துவிடுவானோ என்று இவன் தடுக்க, இவன் ஆள் வந்துவிடுவானோ என்று அவன் தடுக்க, நாலு பேரில் ஒரே ஒருவர்தான் தேறினார். ஒரு வருடக் கெடு போய் ஐந்தாறு வருடம் ஆயிற்று. 2021இல் அந்த வாக்கு வரம்பைக் குறைத்து ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட மறுத்தவர் யார்? நம் வாத்தியார்தான். கெடு தாண்டிவிட்டது, இனிமேல் அமைப்பது சாசனத்துக்கு விரோதம் என்றார். நான் தேவகோட்டைக் கோர்ட்டில் முப்பது வருடம் நின்றவன். காலாவதி வாதம் எனக்கும் பிடிக்கும். ஆனால் எதிராளி கடன் கட்ட வரும்போது 'தவணை தாண்டிவிட்டது, வாங்க மாட்டேன்' என்று சொல்லிய கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஜூலை 25. அது அவர்கள் குடியரசு நாள். கொரோனா உச்சத்தில் இருந்தது, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் இல்லை, வேலை இல்லை, நாடாளுமன்றத்தில் தினம் கைகலப்பு. அன்று இரவு சயீத் பிரதமரை நீக்கினார், நாடாளுமன்றத்தை 30 நாள் முடக்கினார், வாசலில் ராணுவ வண்டி நின்றது. தெருவில் ஜனங்கள் ஹார்ன் அடித்துக் கொண்டாடினார்கள். இதை மறைக்கக் கூடாது. அவர்கள் சந்தோஷம் பொய்யில்லை.

அவர் காட்டிய ஆதாரம் சாசனத்தின் 80ஆம் உறுப்பு. நாட்டுக்கு உடனடி ஆபத்து என்றால் ஜனாதிபதி விசேஷ நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. பிள்ளைகள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே உறுப்பு, பிரதமரையும் சபாநாயகரையும் கலந்து பேச வேண்டும் என்கிறது. அந்தச் சமயம் முழுவதும் நாடாளுமன்றம் இடைவிடாமல் கூடியிருக்க வேண்டும், அதைக் கலைக்கக் கூடாது என்கிறது. இவரோ அதையே முடக்குகிறார். பிரதமரை வெளியே அனுப்புகிறார். சபாநாயகர், என்னிடம் யாரும் கலந்து பேசவில்லை என்று சொல்லிக்கொண்டு பூட்டிய வாசலில் நிற்கிறார். 30 நாள் கழித்து, ஆபத்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டு முடிவு சொல்ல வேண்டியது யார்? அந்த அரசியலமைப்பு நீதிமன்றம். நாற்காலி காலி.

ஒரு தடவை பரீட்சையில் இந்தக் கேள்வியை அவரே கேட்டிருந்தால், இந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் போட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் பர்மா, மலேயாக் கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவருக்கு முதலாளி பவர் எழுதிக் கொடுப்பார். மூன்று வருடக் கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து பேரேட்டை முன்னால் வைக்க வேண்டும். இங்கே 30 நாள் முடிந்தபோது ஏஜெண்ட் தன் பவரைத் தானே நீட்டித்துக்கொண்டார், 'மறு அறிவிப்பு வரும் வரை' என்று. செப்டம்பரில் ஆணை போட்டே ஆள்வதற்கு வழி செய்துகொண்டார். 2022 பிப்ரவரியில் நீதித்துறைக் கவுன்சிலைக் கலைத்தார். மார்ச்சில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். ஜூனில் 57 நீதிபதிகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் புதிய சாசனம். 2024 தேர்தலில் போட்டி மூன்றே பேர், அதில் ஒருவர் சிறையில். நீக்கிய வேட்பாளர்கள் மூன்று பேரைச் சேர்க்கும்படி நிர்வாக நீதிமன்றம் சொன்னது. தேர்தல் ஆணையம் கேட்கவில்லை. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்னால், தேர்தல் வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தையே அந்த நீதிமன்றத்திடமிருந்து எடுத்துவிட்டார்கள். இவருக்கு 90.7 சதவீதம். வாக்களிக்க வந்தவர்கள் 28.8 சதவீதம்.

அங்கே நடுவர் இல்லை, நமக்கு உச்ச நீதிமன்றம் இருக்கிறதே என்று நெஞ்சை நிமிர்த்த எனக்கு மனசு வரவில்லை. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது நமக்கு நடுவர் இருந்தார். ஐந்து பேர் கொண்ட அமர்வு. காரணம் சொல்லாமல் பிடித்து உள்ளே போட்டால் கோர்ட்டில் கேட்கலாமா என்றதற்கு, 1976 ஏப்ரலில் நாலு பேர் கேட்க முடியாது என்றார்கள். நீதிபதி கன்னா ஒருவர்தான் முடியும் என்றார். அடுத்த வருடம் தலைமை நீதிபதி பதவி முறைப்படி அவருக்கு வந்திருக்க வேண்டும்; அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார். ஆகவே நாற்காலி இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒருவர் எழுதியது ஏட்டில் இருந்தது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்தபோது, நெருக்கடி நிலை அறிவிக்கக் காரணமாக இருந்த 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வார்த்தையை எடுத்து 'ஆயுதக் கிளர்ச்சி' என்று போட்டார்கள். அமைச்சரவை எழுத்தில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும் என்று இறுக்கினார்கள். 2017இல் உச்ச நீதிமன்றமே அந்த நாலு பேர் சொன்னது தப்பு என்று எழுதியது. நாற்பது வருடம் பிடித்தது. காலி நாற்காலி எந்தக் காலத்திலும் அப்படித் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள முடியாது, தீர்ப்பு இருந்தால்தானே.

ஆச்சி ஏதோ கேட்கிறார்கள். மைக்கை அங்கே கொடு, தம்பி. சரி, கேட்டுவிட்டது. "அந்த வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார் இருந்திருப்பாரே, அவர் ஒண்ணும் சொல்லலையா" என்கிறார்கள்.

இருந்தார், ஆச்சி. சாதிக் பெலாயித் என்று பெயர். சட்டத் துறையில் பெரிய மனிதர், சயீத்துக்குப் பாடம் சொன்னவர். புதிய சாசனத்தை எழுதித் தாருங்கள் என்று மாணவரே அவரை அழைத்தார். அவரும் நம்பிப் போனார். 2022 ஜூன் 20 அன்று வரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாதக் கடைசியில் அரசிதழில் அச்சாகி வந்ததைப் பார்த்தால், அது வேறு. நாங்கள் எழுதிக் கொடுத்தது இது இல்லை, இது சர்வாதிகாரத்துக்கு வழிவிடும் என்று பத்திரிகையில் எழுதினார். மாணவர் ஜூலை 8 அன்று சில இடங்களைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். பிழைகள் புகுந்துவிட்டன என்று காரணம் சொன்னார்.

ஜூலை 25 அன்று அதன் மேல் வாக்கெடுப்பு. ஆம் என்றவர்கள் 94.6 சதவீதம். வந்து வாக்களித்தவர்கள் பத்தில் மூன்று பேர். மற்ற ஏழு பேர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், ஆச்சி.

அடுத்து யார்? பின்னால் அந்தத் தம்பி, எழுந்து கேளுங்கள்.